செஞ்சோற்றுக் கடனும் மூடிய வாயும்

கும்பகருணனா, வீடணனா? யார் செய்தது சரி? பட்டிமன்றங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி. நான் எப்போதும் கும்பகருணன் கட்சி. சோறு போட்ட அண்ணனுக்காக உயிரையே கொடுத்தவன் அல்லவா?

பள்ளி விடுமுறையில் கியா பார்ம் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் வேலை செய்தேன். முதலாளி நல்லவர். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே பணம் கொடுத்தவர். ஆனால் கடைத் தராசில் நிறுத்தால் கிலோவுக்கு நூறு கிராம் குறைந்தது. எனக்குத் தெரியும். "அவர் சோத்தைத் தின்னுட்டு அவரையே குறை சொல்றதா?" என்று சும்மா இருந்தேன்.

கம்பராமாயண யுத்த காண்டத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. கும்பகருணன் சும்மா இருக்கவில்லை! அவையில் கண்டித்தான். தூக்கத்திலிருந்து எழுப்பிப் போருக்கு அனுப்பியபோதும், சீதையை விட்டுவிடு என்று இராவணனிடம் நேருக்கு நேர் சொன்னான். வீடணனும் சொன்னான். இராவணன் கேட்காதபோது ஒருவன் பிரிந்தான். மற்றவன் உடன் நின்று மடிந்தான். எது சரி என்று வாதாடலாம். ஆனால் இருவரில் யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை.

கும்பகருணன் தன் உயிரைக் கொடுத்துக் கடன் தீர்த்தான். நானோ முகம் தெரியாத வாடிக்கையாளரின் காசில் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த விடுமுறையில் தனியாகச் சொன்னேன்: "அண்ணே, தராசு குறையுது, மாத்திடுங்க." அவர் முகம் சுருங்கியது. தராசு மாறவில்லை. வேலையை விட்டேன். அம்மாவுக்குத் தந்த பணத்தை மாதாமாதம் கொடுத்து வருகிறேன்.

நன்றி வேறு, உடந்தை வேறு, நண்பர்களே.