பாட்டுக்குத் தரும் முதலிடம்

ஒருவர் தமக்கு மிகவும் பிடித்த பாடல்களை முதலாவது, இரண்டாவது என்று எண்ணிட்டு அடுக்கும்போது, அந்த எண்கள் பாடல்களின் பெருமையை அளக்கின்றனவா, கேட்பவரின் அன்பை மட்டுமே தெரிவிக்கின்றனவா என்பது, மெய்யியலில் சுவையைப் பற்றி நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கின் ஒரு கிளையாகும். சற்று ஆழ்ந்து நோக்கினால் இது வழிபாட்டைப் பற்றிய கேள்வியாகவும் மாறிவிடுகிறது.

2002ஆம் ஆண்டில் பிபிசி உலக சேவை, தன் 70ஆம் ஆண்டு நிறைவையொட்டி, உலகில் மிகவும் விரும்பப்படும் பாடல் எது என்று நேயர்களிடம் வாக்குக் கேட்டது. ‘தளபதி’ (1991) படத்துக்கு இளையராஜா இசையமைத்து, எஸ். பி. பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும் பாடிய ‘ராக்கம்மா கையத் தட்டு’ அதில் நான்காம் இடம் பெற்றது; திருமலைச் சந்திரனின் ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’ என்னும் ஈழத் தமிழ்ப் பாடல் ஐந்தாவதாக வந்தது. ராக் இசையின் சிகரங்களுள் ஒன்றாக மதிக்கப்படும், குயீன் குழுவினரின் ‘பொஹீமியன் ராப்சடி’ பத்தாம் இடத்தில்தான் நின்றது. இம்முடிவைப் பெருமையோடு எடுத்துச் சொல்லும் தமிழர் பலர். ஆயினும் முதல் மூன்று இடங்களைப் பெற்றவை அயர்லாந்தின் விடுதலை வேட்கையைப் பாடும் ஒரு பாட்டும், ‘வந்தே மாதர’மும், ‘தில் தில் பாகிஸ்தா’னும் என்பதைக் கவனித்தால், வாக்களித்தோரில் பெரும்பாலோர் மெட்டையும் தாளத்தையும் எடைபோட்டதைவிடத் தாம் எந்த மண்ணுக்கு உரியவர் என்பதையே அறிவித்தனர் என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் 1790இல் வெளியிட்ட நூலில், இனிப்பது வேறு, அழகியது வேறு என்று பிரித்தார். இனிப்பது அவரவர் நாவுக்கும் செவிக்கும் உரியது, அதில் பிறர் ஒப்புதல் தேவையில்லை. ஒன்றை அழகியது என்று சொல்பவரோ, மற்றவரும் அதை ஒப்ப வேண்டும் என்று உரிமையோடு எதிர்பார்க்கிறார். தமிழில் இதற்கு நெடுங்காலம் முன்பே, உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதாகிய மெய்ப்பாட்டை எட்டாக வகுத்த தொல்காப்பியர், கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணரவல்லவருக்கன்றி அதன் நுட்பம் எட்டாது என்று மெய்ப்பாட்டியலை முடித்தார். கேட்கும் பயிற்சி ஒன்று உண்டு, அது எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதே இதன் பொருள். ஆகவே ‘எல்லாம் அவரவர் விருப்பம்’ என்று வழக்கை முடித்துவிடுவது சோம்பலாகும்.

எனினும், பயின்ற செவியும் இரண்டு நல்ல பாடல்களுக்கு இடையே முன்பின் காண முடியாமல் திகைக்கும் இடம் உண்டு. ஆடி மாதத்தில் முடிச்சூர் போன்ற, தாம்பரத்தை அடுத்த ஊர்களில், அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியலில் விநாயகர் பாட்டோடு தொடங்கி, பிறகே எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்களுக்கு வரும். கூழ் வார்த்து முடிந்த இரவில் மேடையேறும் மெல்லிசைக் குழுவும் ஒரு பக்திப் பாட்டைப் பாடிய பின்னரே திரைப்பாடலைத் தொடும். முதலில் ஒலிப்பதால் விநாயகர் பாட்டே தலைசிறந்தது என்று மைக் செட்காரரும் சொல்லமாட்டார், ஈஸ்வரியின் குரல் கேட்டுச் சாமியாடுகிறவரும் எண்ணமாட்டார். அங்கே முதலிடம் மரபு வகுத்தது. அருள் வருவது வேறோர் இடத்தில்.

தேவாரத்தில் இது இன்னும் தெளிவாகிறது. தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 270க்கும் மேற்பட்டவை; எந்தப் பதிகமும் தன் தலத்து இறைவனை மற்றொரு தலத்தானுக்கு அடுத்தபடியாக வைத்துப் பாடவில்லை. திருவாரூரில் நிற்கும்போது ஆரூரனே எல்லாம், தில்லையில் நிற்கும்போது கூத்தனே எல்லாம். ரிக் வேதத்தில் அக்னியும் இந்திரனும் வருணனும் தத்தம் பாடல்களில் தனிப்பெருந் தெய்வமாகவே போற்றப்படுவதைக் கண்ட மாக்ஸ் முல்லர், பல தெய்வங்களை ஏற்றுக்கொண்டே, வழிபடும் வேளையில் ஒன்றையே முழுமுதலாகக் கொள்ளும் இந்நிலைக்கு ஹினோதீயிசம் என்று பெயரிட்டார். பாடலைக் கேட்பவரின் நிலையும் இதுவே: ஒலித்துக்கொண்டிருக்கும் பாட்டில் அவர் முழுதும் ஆழ்ந்திருக்கும்வரை இரண்டாம் பாட்டு என்று ஒன்று இல்லை. தரவரிசை பாட்டு ஓய்ந்த பிறகே பிறக்கிறது. அது நினைவின் வேலை.

நான்காம் இடம் பெற்ற அந்தத் திரைப்பாடலின் நடுவே, குத்துத் தாளம் அடங்கி, அப்பர் தில்லைக் கூத்தனைப் பாடிய நான்காம் திருமுறைப் பாட்டொன்று எழுகிறது. தூக்கிய திருவடியைக் காணக் கிடைக்குமானால் இம்மண்ணில் மனிதப் பிறவியும் வேண்டத்தக்கதே என்று அதில் அப்பர் துணிகிறார். பிறவியை அறுக்க வேண்டும் என்று பாடிய மரபில் வந்த ஒருவர், ஒரு காட்சியின் பொருட்டுப் பிறவியையே வேண்டலாம் என்று மாற்றி மதிப்பிடுகிறார். மதிப்பையும் சொல்லி, அதன் காரணத்தையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

விருப்பப் பட்டியல் இடுவோர் இதையே பின்பற்றலாம். எண்ணை இட்டதோடு நின்றுவிடாமல், அப்பாட்டு எதைக் காட்டியதால் அந்த இடம் பெற்றது என்பதை ஒரு வரியேனும் எதிரே எழுதிவைக்க வேண்டும்.