முதுமைக்குப் பொருள் வைத்தல்

தளர்ந்த காலத்துத் தாங்குதற்கெனப் பொருள் ஒதுக்கி வைத்தல் சிவனருளிலும் மக்களன்பிலும் நம்பிக்கை குறைந்ததன் அடையாளமென்று நம் ஆசிரியருட் சிலர் கருதுகின்றனர். அது பத்திபோலத் தோன்றும், ஆராயுமிடத்து அவ்வாறன்று.

திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தகாலை இறைவன் நாயன்மார் இருவர்க்கும் படிக்காசு அருளினான். அரிசி வாங்குதலை அடியார் கையிலேயே விட்டான். தங்காசு வாசிபட்டமையால் திருமடத்தில் அமுது தாழ்க்கின்றதென்பதை வினவியறிந்த ஞானசம்பந்தர், வாசியில்லாக் காசினையே வேண்டிப் பெற்றார். அருளை நம்பினார் காசின் மாற்றையும் ஆராய்ந்தனரன்றோ?

ஆரையம்பதி முதலாய நம் வாவிக்கரை ஊர்களிற் பெண்ணுக்கு வீடும் வளவுஞ் சீதனமாக எழுதுதல் தொன்றுதொட்ட வழக்கு. அடுத்துள்ள காத்தான்குடி முஸ்லிம் மக்களிடத்தும் அதுவே வழக்கு. மருமகன் பெண்வீட்டுக்கு வருவான். பெற்றோர் அவ்வீட்டின் ஒருபுறத்தோ அண்டையிற் கட்டிய சிறுவீட்டிலோ ஒதுங்குவர். வழக்கு நன்றே, முதியோர் மகளின் கண்முன்னே இருப்பர். ஆயின் மகள் ஊரில் இருப்பாள், பகல் முழுதும் வீட்டிலிருப்பாள் என்பவற்றை அடியாகக் கொண்டு எழுந்தது அது. இக்காலத்து அவளும் நம்மைப்போலப் பள்ளிக்கூடஞ் செல்கின்றாள். அன்றிக் கனடாவிலோ கத்தாரிலோ இருக்கின்றாள்.

அரசினர் பாடசாலை ஆசிரியர்க்கு ஓய்வூதியம் உண்டு. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிற் கட்டணமில்லாச் சிகிச்சையும் உண்டு. பின் யாது குறையெனின், படுக்கையிற் கிடப்பாரைப் புரட்டவும், குளிப்பாட்டவும், இரவில் விழித்திருக்கவும் ஓராள் வேண்டும். அவ்வாளின் கூலியை வைத்தியசாலை கொடாது. அச்செலவு மூன்று திங்களில் முடிவதுமன்று; பல யாண்டு தொடர்தலும் உண்டு. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தபோது, வங்கியிலிட்ட பணம் கரைந்தமையை யாவருங் கண்டோம். ஆதலாற் காசாக மட்டும் வைத்தல் போதாது. நிலமும் வீடுமே நிற்பன. அவற்றையோ நாம் முன்னரே எழுதிக் கொடுத்துவிடுகின்றோம்!

கொடுத்தல் தவறென்பது நங்கருத்தன்று. சீதன உறுதி முடிக்குங்கால் நொத்தாரிசிடஞ் சொல்லிப் பெற்றோர்க்குச் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதுவித்தல் வேண்டும். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பரோவெனக் கூசுவார் பலர். அக்கூச்சத்தின் கடனைப் பின்னர் இறுப்பவள், தந்தைக்குங் கணவனுக்கும் இடையே நிற்கும் மகளே. முதியோர் உரிமை பற்றிய 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்துத் தம் மக்களிடம் பொருள்பெற வழி செய்துள்ளது. வேண்டுவதொரு சட்டமே, எனினும் பெற்ற மகள்மேல் மனுக்கொடுத்துப் பெறுஞ் சோறு எத்தகைய சோறு!

ஆண்மக்களே உடையார்க்கும் மக்களில்லார்க்கும் இவ்வழக்கின் துணையும் இல்லை. அன்னோர் உடன்பிறந்தாள் மக்களோடேனும் உடல் திடமாயிருக்கும்போதே பேசி, பேசியதை உறுதியில் எழுதுவித்தல் வேண்டும்.