மீனுக்கும் குலமா?

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கரிசல் பூமி. மழை பொய்த்தால் குளமும் பொய்க்கும். ஆகவே, அறிவியல் பாடத்திற்கென்று தாமிரபரணிப் பாசனக் குளமொன்றில் பிடித்த மீனை வாங்கி வந்து மாணவர்முன் வைத்தேன். கலைப் பட்டம் பெற்றவன்தான் நான். சிறிய பள்ளியாதலால் அறிவியலும் என் பொறுப்பு.

வெள்ளி போன்ற தட்டை உடல். முதுகிலே சிறு இறகுபோல் ஒரு துடுப்பு. அடிவயிற்றில் தொடங்கி வாலோடு கலந்துவிடும் நீண்ட துடுப்பு. சவரக்கத்தியின் சாயல்!

"இதன் பெயர் என்ன, ஐயா?" என்றான் ஒரு சிறுவன்.

"அம்பட்டன் வாளை" என்றேன், ஊர் சொல்லும் பெயரை, எண்ணிப் பாராமல். வகுப்பு சிரித்தது. ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தந்தை முடிதிருத்தும் தொழிலாளி. கவிழ்ந்த அந்தத் தலையைக் கண்டேன். என் தலையும் கவிழ்ந்தது.

அன்றிரவு நூலைப் புரட்டினேன். அங்கும் ஒரு பட்டம் காத்திருந்தது: "தாழ்நிலை எலும்பு மீன்!" ஊர் ஒரு குலத்தைச் சூட்டிற்று, ஏடு ஒரு படியைக் காட்டிற்று. படி என்றால் ஏணி. ஏணி என்றால் மேல், கீழ். நமக்குப் பழக்கமான ஏணிதானே அது!

தோழர்களே, அந்தத் "தாழ்ந்த" மீனின் வாழ்வைப் பாருங்கள். குளத்து நீரில் உயிர்வளி குன்றும்போது மற்ற மீன்கள் திணறும். இதுவோ மேலே வந்து காற்றை விழுங்கும். உடலினுள்ளே இருக்கும் காற்றுப்பை நுரையீரலின் வேலையைச் செய்யும். உடலை வளைக்காமல், அடித்துடுப்பை அலைபோல் அசைத்தே முன்னும் செல்லும், பின்னும் செல்லும். அந்தி சாய்ந்தபின் இரை தேடும். நாவிலும் பல் உண்டு. இதன் பெரிய உறவினமான கங்கைச் சித்தலா மீனில், முட்டையைக் காப்பதும் வாலால் விசிறி நீரோட்டம் தருவதும் தந்தையின் கடமை. இவற்றில் எதைத் தாழ்வு என்பது?

இதன் மரபு 10 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. அமேசான் ஆற்றின் அரபைமாவும் ஆஸ்திரேலிய, ஆப்பிரிக்க நன்னீர் மீன்கள் சிலவும் இதன் தொலைதூர உறவினர். பழைய கிளை, உண்மை. ஆனால் பழையது என்பதாலேயே தாழ்ந்ததாகிவிடுமா? கெண்டைக்கும் இதற்கும் ஒரு காலத்தில் மூதாதை ஒன்றே. அங்கிருந்து இன்றுவரை இரண்டும் கடந்த காலமும் ஒன்றே. ஒன்று நடந்தது, மற்றொன்று நின்றது என்பது கணக்குப் பிழை.

1859-இல் 'உயிரினங்களின் தோற்றம்' எழுதிய டார்வின், உயிர்களின் உறவைக் கிளை பரப்பும் மரமாகக் கண்டார். மரத்திலே கிளைகள் உண்டு. சாதிப் படிகள் இல்லை.

இங்கே நமக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பழமை இழிவன்று என்றால், பழமை உயர்வும் அன்று. "நாங்கள் தொன்மையானவர்கள், ஆகவே மேலானவர்கள்" என்று மார்தட்டினால், நாமும் அதே ஏணியைத்தான் தலைகீழாய்த் தூக்கி நிறுத்துகிறோம். மதிப்பு பிறப்பின் நீளத்தில் இல்லை. வாழ்வின் தன்மையில் இருக்கிறது.

பெயரை மாற்ற ஆணை போதுமா? போதாது. அதற்கு எங்கள் ஊரே சான்று. 1801-இல் ஆங்கிலேயர் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர். ஊர்ப் பெயரையே ஏடுகளிலிருந்து நீக்க முனைந்தனர். பெயர் அழிந்ததா? மக்கள் நா அதைக் காத்தது. நல்ல பெயரைக் காத்த அதே நாதான் இழிபெயரையும் காத்து நிற்கிறது! ஆகவே மாற வேண்டியது நாவு. நாவை ஆளும் நெஞ்சு.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தவறு" என்றேன். ஆசிரியன் மாணவரிடம் தவற்றை ஒப்புக்கொள்வது இழுக்கென்பார் உளர். நான் அப்படிக் கருதவில்லை. "சொட்டைவாளை" என்று கரும்பலகையில் எழுதினேன். அதுவும் மக்கள் வழங்கும் பெயரே. முதல் வரிசைக்கு வந்து, காற்றுப்பை எங்கே இருக்கிறது என்று கேட்டான் அந்தச் சிறுவன்.

மீன் தன் பெயரை அறியாது. மனிதன் அறிவான், தோழர்களே!