மில்லின் விடுதலைக் கோட்பாடும் சுவிட்சர்லாந்தின் மினாரா தடையும்

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட ‘சுதந்திரத்தைப் பற்றி’ என்னும் நூல், ஆட்சி யாருடைய கையில் இருக்க வேண்டும் என்பதைக் காட்டிலும், அது யார் கையில் இருந்தாலும் எதுவரை செல்லலாம் என்பதையே தன் வினாவாகக் கொண்டது. முடியரசை எதிர்த்துப் போராடிய முந்தைய தலைமுறையினர், மக்களே ஆள்வோர் ஆகிவிட்டால் ஆட்சிக்கு எல்லை வகுக்கும் தேவை மறைந்துவிடும் என்றும், எவரும் தமக்குத் தாமே கொடுமை இழைத்துக்கொள்ளமாட்டார் என்றும் நம்பியிருந்தனர். அமெரிக்க மக்களாட்சியைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் டோக்வில் 1835இலும் 1840இலும் வெளியிட்ட தொகுதிகளைக் கூர்ந்து கற்ற மில், அதிகாரம் செலுத்தும் மக்களும் அதற்கு ஆட்படும் மக்களும் எப்போதும் ஒருவரே அல்லர் என்றும், மக்களின் விருப்பம் எனப்படுவது நடைமுறையில் அவர்களுள் எண்ணிக்கையிலோ ஊக்கத்திலோ மிகுந்த பகுதியினரின் விருப்பமே என்றும் காட்டினார். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கட்டுப்படுத்தும் உரிமை சமுதாயத்துக்குப் பிறப்பது, அவர் செயலால் பிறருக்குத் தீங்கு நேர்வதைத் தடுக்க வேண்டியபோது மட்டுமே என்னும் அவரது விதி ‘தீங்குக் கோட்பாடு’ எனப்படுகிறது.

இக்கோட்பாட்டை இன்று உரசிப் பார்ப்பதற்கு அடக்குமுறை அரசு எதையும் தேட வேண்டியதில்லை; நேரடி மக்களாட்சியில் முதிர்ந்த சுவிட்சர்லாந்தே போதும். அரசும் நாடாளுமன்றமும் நிராகரிக்கும்படி பரிந்துரைத்திருந்தும், பள்ளிவாசல் கோபுரமான மினாராவைக் கட்டுவதைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை, 2009 நவம்பர் 29 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 57.5 விழுக்காட்டினர் ஏற்றனர். வாக்குரிமை பெற்றோரில் பாதிக்குச் சற்றே கூடுதலானோர்தாம் வாக்களித்தனர் என்பதால், மொத்த வாக்காளரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானோரின் முடிவே நாட்டு மக்களின் முடிவு ஆயிற்று. அங்கு வாழ்ந்த முஸ்லிம்களிலோ பெரும்பாலோர் குடியுரிமை அற்றவர்கள். தம் வழிபாட்டிடத்தின் வடிவத்தைத் தீர்மானித்த வாக்கெடுப்பில் அவர்கள் வாக்களிக்கவே வழியில்லை.

அப்போது நாடு முழுவதிலும் இருந்த மினாராக்கள் நான்கே. அவற்றிலிருந்து தொழுகை அழைப்பு ஒலிக்கப்படவில்லை ஆதலால், இரைச்சல் என்ற தீங்கைக் காட்டவும் இடமில்லை. எஞ்சியது, அயல் சமயத்தின் சின்னம் கண்ணில் படுவதால் பலருக்கு எழுந்த மனக்கசப்பு. இத்தகைய கசப்பைத் தீங்காகக் கணக்கிடலாகாது என்பதை விளக்க மில் எடுத்துக்கொண்ட சான்று சிந்தனைக்குரியது: முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் பன்றியிறைச்சி உண்பதை எல்லோருக்கும் தடை செய்தால், அந்த அருவருப்பு உண்மையானதாகவே இருந்தாலும், அத்தடையை எந்த அடிப்படையில் மறுப்பது என்று தம் கிறித்தவ வாசகர்களை அவர் கேட்டார். தனிப்பட்ட விருப்பங்களில் பொதுமக்களுக்கு வேலையில்லை என்ற ஒரே அடிப்படையில்தான் மறுக்க முடியும். அதை ஏற்பவர், தாம் பெரும்பான்மையாக உள்ள நாட்டிலும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

கோபுரம் தனிப்பட்ட விருப்பமன்று, அது எல்லோருக்கும் உரிய தெருவில் நிற்பது என்னும் மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஊரின் தோற்றத்தைப் பேணுவதில் அங்கு வாழ்வோர் அனைவருக்கும் நியாயமான அக்கறை உண்டு. ஆனால் கட்டடங்களின் உயரத்துக்கும் அமைவிடத்துக்கும் உரிய விதிகள் முன்னரே இருந்தன. அவை தேவாலய மணிக்கூண்டுக்கும் பொருந்துவன. ஈழத்தமிழர் பெருமளவில் குடியேறிக் கோயில்கள் அமைத்துள்ள அந்நாட்டில், கோயில் கோபுரத்தைப் பற்றி இத்திருத்தம் ஏதும் கூறவில்லை. ஒரே சமயத்தின் ஒரே கட்டட உறுப்பைப் பெயர் சொல்லி விலக்கும் விதியை ஊரின் அழகு பற்றிய விதியாகக் கொள்ள முடியாது. அந்நாட்டு மக்கள் தம் முன்முயற்சியால் 1893இல் நிறைவேற்றிய முதல் திருத்தமும், யூதர்களின் சமய முறைப்படி விலங்கறுப்பதற்குத் தடையாக அமைந்தது. விலங்குகளின் துன்பம் என்ற உண்மையான காரணமும் அதில் இருந்ததால் அவ்வழக்கு இதைவிடச் சிக்கலானது எனினும், அன்றைய யூத வெறுப்புக்கு அதில் பங்கில்லை என்று எவரும் வாதிட இயலாது.

மில்லின் கோட்பாட்டிலேயே ஓர் ஓட்டையும் உண்டு. 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய அவர், இன்னும் முதிர்ச்சி பெறாத சமுதாயங்களுக்கு இவ்விடுதலை பொருந்தாது என்று எழுதி, இந்தியாவை அதன் வெளியே நிறுத்தினார். மினாராவைச் சமயத்தின் பெயரால் எழும் அரசியல் அதிகாரக் கோரிக்கையின் சின்னம் என்று தடை கோரியோர் வாதிட்டதிலும், இன்னார் விடுதலைக்குத் தகுதியற்றவர் என்ற அதே முடிவு ஒளிந்திருக்கிறது. இந்த விலக்கை நீக்காமல் மில்லை இன்று பயன்படுத்தினால், பெரும்பான்மைக்கு எதிராக அவர் எழுப்பிய சுவரில் அவரே வைத்த வாசல் வழியாகப் பெரும்பான்மை உள்ளே வந்துவிடும்.

எல்லை மீறப்படும்போது அதைத் தடுப்பது யார் என்பதற்கு மில்லின் நூல் நீதிமன்றத்தைச் சுட்டுவதில்லை. தடையற்ற விவாதத்தில் பண்படும் பொதுக்கருத்தையே அது பெரிதும் நம்பியது. சுவிட்சர்லாந்தில் நிலைமை ஏறத்தாழ அதுதான். தடை அரசியலமைப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. அதை எதிர்த்துச் சென்ற முறையீடுகளை, மனுதாரர்கள் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர் என்று கூறி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011இல் ஏற்க மறுத்தது. இனி அதை நீக்க வேண்டுமானால், வாக்காளரில் பெரும்பான்மை, மாநிலங்களில் பெரும்பான்மை ஆகிய இரண்டையும் மற்றொரு வாக்கெடுப்பில் பெற்றாக வேண்டும். தடைக்கு ஆட்பட்டோரில் பலரோ அதிலும் வாக்களிக்க இயலாமல், பேசி இணங்கச் செய்யும் உரிமை ஒன்றையே நம்பியிருக்க வேண்டியவர்கள்.