சுற்றி வராத இழை

மார்கழி இரவுகளில் எங்கள் ஆலங்குளத்தில் மறுநாள் கோலத்தை முடிவு செய்துவிட்டுத்தான் படுக்கப் போவோம். கோல நோட்டு இருந்த இடத்துக்கு இப்போது செல்போன் வந்துவிட்டது. படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவிடம் நானும் சிக்குக் கோலம் கேட்கிறேன். 7 புள்ளி, ஊடுபுள்ளி 4 முடிய என்று தெளிவாகச் சொன்னாலும் புள்ளிக் கணக்கு தப்புகிறது. ஒரு புள்ளியைச் சுற்றக் கிளம்பிய இழை, பாதியில் பக்கத்து இழைக்குள் கரைந்துபோகிறது. எட்ட நின்று பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. விரல் வைத்துப் போனால் வழி இல்லை.

*

ஏன் இப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பொறிகளில் பல, படங்களின் மேல் இரைச்சலைப் பூசி, பிறகு அதைத் துடைத்துத் துடைத்துப் படத்தை மீட்கப் பழகியவை. நாம் கேட்கும்போது வெறும் இரைச்சலில் தொடங்கி, படம் முழுவதையும் ஒருசேரத் துலக்கிக்கொண்டு வருகின்றன. கோலம் அப்படி வருவதில்லை. அதற்குத் தொடக்கம் உண்டு, போகும் திசை உண்டு, கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் கடமை உண்டு. வாசலில் காய்ந்து கிடக்கும் கோலம், நடந்து முடிந்த ஒரு நடையின் சுவடு. பொறி கண்டதெல்லாம் சுவடுகளை மட்டுமே.

*

கோலமும் கணினியும் சந்தித்துக்கொண்டது இப்போதல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்ற இணையர் 1970களிலேயே இதில் இறங்கிவிட்டார்கள். கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இல் அவர்கள் எழுதிய கட்டுரை, கோலத்தைப் புள்ளிகளின் மேல் எழும் ஒரு மொழியாகக் கண்டு, அதற்குக் கணித இலக்கணம் வகுத்தது. சொல்லிலிருந்து வாக்கியம் பிறப்பதுபோல, சில விதிகளிலிருந்து கோலம் பிறக்கும்.

என்னை அதிகம் தொட்டது இன்னொன்று. கிஃப்ட் சிரோமணி கோலம் போடும் பெண்களையே ஆய்வுக்குத் துணையாகக் கொண்டார். இவ்வளவு சிக்கலை மனத்தில் எப்படி அடுக்கி வைக்கிறார்கள், வேண்டும்போது எப்படி எடுக்கிறார்கள் என்பதை அவர்களை வைத்தே சோதித்து அறிந்தார். கணிதம் படித்த ஒருவர், வாசல் தெளிக்கும் கைகளிடம் அறிவு இருக்கிறது என்று நம்பி வந்து நின்றிருக்கிறார். 1988இல் அவர் மறைந்தார். இந்தக் காலத்தைப் பார்த்திருந்தால் எதை முதலில் கேட்டிருப்பார் என்று அடிக்கடி நினைக்கிறேன்.

*

பக்கத்து வீட்டு மதினியிடம் பொறி வரைந்த படம் ஒன்றைக் காட்டினேன். போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"இது யாரு போட்டதும்மா? இங்கன சுத்தி வரலையே."

"மெஷின் போட்டது மதினி."

"அதான பாத்தேன். ஆனா இந்த மூலைல ஒரு திருப்பு திருப்பியிருக்கு பாரு, அது நல்லாருக்கு. அத மட்டும் எடுத்துக்கிடுவோம்."

மறுநாள் விடியலில் அவர்கள் வாசலில் அந்தத் திருப்பு இருந்தது. அறுந்த இடத்தில் இரண்டு புள்ளிகளைக் கூட்டியிருந்தார்கள். இழை அவற்றைச் சுற்றிக்கொண்டு தொடக்கத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. படத்தில் இல்லாத ஒரு கோலம் அது. அவர்கள் நோட்டிலும் இல்லாதது. இலக்கணத்திலிருந்து பிறக்கும் கோலத்தில் இழை அறுவதில்லை. அறுந்தால் விதியில் பிழை என்று பொருள். இங்கேயோ அறுந்ததுதான் அவர்களை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. பொறி நிறைவாக ஒன்றைத் தந்திருந்தால் அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பார்கள்.

*

பொறியோடு வேலையைப் பங்கிட்டுக்கொண்டவர் இன்னொருவரும் உண்டு. ஹெரால்ட் கோஹன் என்ற ஆங்கிலேய ஓவியர் 1970களின் தொடக்கத்திலிருந்து, 2016இல் இறக்கும்வரை, 'ஆரோன்' என்ற வரையும் நிரலை வளர்த்து வந்தார். வெனிஸ் பியனாலேயில் பிரிட்டன் சார்பில் ஓவியம் வைத்தவர், நிரல் எழுத உட்கார்ந்தார். பல ஆண்டுகள் ஆரோன் கோடு மட்டும் வரைந்தது. வண்ணத்தை அவரே கையால் தீட்டினார். பின்னர் அதற்கு வண்ணமும் கற்றுக்கொடுத்தார். எனக்குப் பிடித்தது முதல் கட்டம்தான். இரண்டு பேருக்கும் வேலை இருந்த கட்டம் அது.

*

கோலத்தில் பார்த்துப் போடுவது களவு ஆகாது. திருவில்லிபுத்தூர் மாடவீதியில் நடந்து போகிறவள் ஒரு வாசலில் நின்று மனசுக்குள் புள்ளி எண்ணினால், அந்த வீட்டுக்காரிக்குப் பெருமைதான். பார்த்துப் போனவளின் வாசலும் நாளைக்குத் தெருவைப் பார்த்தபடி இருக்கும். அங்கே இவள் போய் எண்ணலாம். எடுப்பதும் கொடுப்பதும் அப்படி ஓடிக்கொண்டிருந்தன.

இணையத்திலிருந்து படங்களை வாரி இந்தப் பொறிகளைப் பழக்கியவர்கள் எந்தப் பெண்ணிடமும் ஒரு சொல் கேட்கவில்லை. கோலத்தில் யாரும் பெயர் எழுதுவதில்லை என்பதால் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. பெயரில்லாதவர்களிடம் எடுப்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அந்தப் பொறியை நானும் பயன்படுத்துகிறேன் என்பது மனத்தில் உறுத்துகிறது. உறுத்துவது நல்லதுதான் என்று அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

*

திருவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாள் கையிலிருக்கும் கிளியை நாள்தோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். பச்சை இலைகளால் உடல், மாதுளம்பூவால் மூக்கு. வடிவம் மாறுவதில்லை. இலை மட்டும் அன்றைய இலை. புதுமை வேண்டும் என்று பொறியின் முன் உட்காரும்போதெல்லாம் அந்தக் கிளி நினைவுக்கு வருகிறது. நான் தேடுவது புது வடிவமா, இன்றைய இலையா? பெரும்பாலான நாட்களில் இலைதான் போலிருக்கிறது. அதற்குத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

*

தெருப் பிள்ளைகள் கோலம் பழக வருகிறார்கள். இந்த முறை பொறி வரைந்த படம் ஒன்றை முதலில் காட்டலாம் என்றிருக்கிறேன். இழை எங்கே அறுந்திருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு ஆளுக்கொரு கை மாவைக் கொடுத்து, அதை எப்படிச் சேர்ப்பாய் என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாகச் சேர்க்கும்.