மூவரும் வந்தால்தான் திறக்கும்

அலுவலகத்தில் எனக்கு வந்த வேலை ரொம்பச் சின்னது. வெவ்வேறு ஊர்களில் ஓடும் சர்வர்களுக்குள் இருந்த இடத்திலிருந்தே நுழைய ஒரு மென்பொருள் வைத்திருக்கிறோம். எந்த சர்வர், என்ன முகவரி, யார் பெயரில் நுழைவது, பாஸ்வேர்டு என்ன, எல்லாம் அதற்குள் ஒரு பட்டியலாக இருக்கும். அந்தப் பட்டியலை எங்கே வைப்பது என்று நான் முடிவு செய்ய வேண்டும். அவரவர் லேப்டாப்பிலா, அலுவலகத்தின் பொது டேட்டாபேஸிலா, இன்னொரு கம்பெனியின் கிளவுடிலா?

அதுவரை அது என் லேப்டாப்பில்தான் இருந்தது. கேட்டவர்களிடம் பாதுகாப்பு என்று காரணம் சொல்லிவந்தேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று குறிஞ்சிப்பாடிக்கு ஓடிவந்த அன்று லேப்டாப்பை சென்னை அறையிலேயே விட்டுவிட்டேன். ராத்திரி ஒரு சர்வர் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு, ஞாபகத்திலிருந்த பாஸ்வேர்டை போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். "கேப்பிட்டல் கே தம்பி, அடுத்தது ஆச்சரியக்குறி." பக்கத்து பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதுதான் நான் கட்டிக்காத்த பாதுகாப்பு. வெட்கமாக இருந்தது. நான் இல்லாமல் அங்கே எதுவும் நடக்கவில்லை என்பதில் ஒரு ஓரமாகச் சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

எங்க ஊருக்குப் பக்கத்தில்தான் சிதம்பரம். தேவார ஏடுகள் அந்தக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். திருமுறை கண்ட புராணம் சொல்வது அது. எவ்வளவு வரலாறு, எவ்வளவு புராணம் என்பது தனி விவாதம். கதவில் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரின் கை முத்திரை. மூவரும் வந்தால்தான் திறப்போம் என்றார்கள் தில்லை தீட்சிதர்கள். மூவரும் மறைந்து எவ்வளவோ காலம். நம்பியாண்டார் நம்பியோடு வந்த ராஜராஜன், மூவரின் திருமேனிகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தித் திறக்க வைத்தானாம். உள்ளே ஏடுகள்மேல் புற்று. எண்ணெய் ஊற்றிக் கரைத்துப் பார்த்தால் பெரும்பகுதி போயிருந்தது.

அந்தப் பூட்டில் ஒரு குறையும் இல்லை. திருடன் யாரும் உள்ளே நுழையவில்லை. கறையானுக்குத்தான் சாவி தேவைப்படவில்லை. காத்தவர்களை வில்லனாக்கவும் எனக்கு மனசு வரவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஆனால் எதற்காகப் பூட்டினோம் என்ற கேள்வி, பூட்டைக் காக்கும் வேலைக்குள்ளேயே காணாமல் போய்விட்டது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்திருக்கிறது. சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளில் கிடைக்கவில்லை. 1917இல் அந்த ஊர்க் கோயில் கல்வெட்டிலிருந்துதான் கிடைத்தது. எல்லோரும் பார்க்கிற சுவரில் இருந்ததால் பிழைத்தது.

ஆனால் பாஸ்வேர்டைச் சுவரில் வெட்ட முடியாதே. பதிகம் பாடப் பாடப் பெருகும். பாஸ்வேர்டு பத்துப் பேருக்குத் தெரிந்தால் செத்துப்போகும். கிளவுடில் போடலாம் என்றால், 2022இல் லாஸ்ட்பாஸ் வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களை கிளவுட் சேமிப்பிலிருந்தே தூக்கிக்கொண்டு போனார்கள். தவிர, 2011 டிசம்பர் தானே புயலைப் பார்த்த கடலூர் மாவட்டத்துக்காரனிடம், கரண்டும் நெட்டும் எப்போதும் இருக்கும் என்று சொன்னால் சிரிப்பான்.

கடைசியில் பொது டேட்டாபேஸ் என்று எழுதிக்கொடுத்தேன். அவரவர் பெயரில் தனித்தனி அனுமதி, யார் எப்போது திறந்தார் என்ற பதிவு, வேறு ஊரில் ஒரு பேக்கப். மாஸ்டர் சாவி சீல் வைத்த இரண்டு கவர்களில், இரண்டு பேரிடம். அதில் நான் இல்லை. அந்த வரியை இரண்டு முறை அழித்துவிட்டுத்தான் திரும்ப எழுதினேன்.

பழைய ஃபைல் இன்னும் என் லேப்டாப்பில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அழித்துவிடுவதாக அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.