மரங்கொத்திக்கு இடும் உணவு

அமெரிக்காவில் குடியேறிய நம் பிள்ளைகளுள் சிலர், வீட்டின் பின்புறத் தோட்டத்தில் பறவைகளுக்காகத் தீனிக்கூடு தொங்கவிடுகின்றனர். பனிக்காலத்தில் அதனை நாடி வருவனவற்றுள் டௌனி என்னும் சிறிய மரங்கொத்தியும் ஒன்று. 30 கிராமும் தேறாத எடை. கறுப்பும் வெண்மையும் கலந்த உடல். ஆணின் பிடரியில் மட்டும் ஒரு சிவப்புத் திட்டு. விறைத்த வாலை ஊன்றி அது மரத்தில் செங்குத்தாய் நிற்கும் அழகை எத்தனை நாழிகை வேண்டுமாயினும் பார்த்திருக்கலாம்.

ஐயம் எழுவது அதற்கு இடும் உணவைப் பற்றியே. மரங்கொத்திக்கென அங்காடிகளில் விற்கும் 'சூயட்' கட்டி, பெரும்பாலும் மாட்டின் சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பினால் ஆனது. இதனை அறிந்த பின்னும் சிலர், "அப்பறவை இயல்பாகவே புழுவும் எறும்பும் தின்பதன்றோ? அதற்குக் கொழுப்பை இடுவதில் என்ன குற்றம்?" என வினவுகின்றனர்.

எளிதில் தள்ளத்தக்க வினாவன்று இது. மரங்கொத்தியின் கூரிய அலகும், நுனியில் முட்கள் கொண்ட நீண்ட நாவும், பட்டைக்குள் ஒளிந்த புழுவை எடுப்பதற்கென்றே அமைந்தவை. அது தின்பது அதன் பிறப்பின் இயல்பு; அதில் நமக்குப் பங்கில்லை. ஆனால் கட்டியை விலை கொடுத்து வாங்கும் கை நம்முடையது. செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்றினாலும் வினை சேரும் என்று இளமையிலேயே கற்றோம். கொன்றவன் வேறொருவன், உண்டது பறவை. இடையே நின்று பொருள் தந்தவர் யார்? இறைச்சித் தொழிலின் கழிவுதானே என்பர். விலை பெற்றபின் அது கழிவன்று. அக்கொலையின் வருவாயில் ஒரு பகுதி.

கடலை இட்டால் அத்தனை புழுக்கள் பிழைக்குமே, அதுவும் புண்ணியமன்றோ என்று கணக்கிடுவாரும் உளர். பல்லாண்டு பள்ளியில் கணக்குக் கற்பித்த எனக்கு இக்கணக்கு உவப்பாக இல்லை. நம் நோன்பைப் பறவையின் மேல் ஏற்றுதல் முறையாகுமா? கூட்டை விட்டு அகன்றதும் அது மீண்டும் பட்டையைத் தட்டத் தொடங்கிவிடுகிறது.

உப்பிடாத வேர்க்கடலையையும் தோல் நீக்கிய சூரியகாந்தி விதையையும் டௌனி விரும்பி உண்ணும். ஆதலின் கொழுப்பின்றியே அதற்கு விருந்தோம்பலாம். எனினும் உணவின் தூய்மையை ஆராய்வோர் கூட்டின் தூய்மையை மறந்துவிடுவதுண்டு. 2021இல் அமெரிக்காவில் சால்மொனெல்லா நோய் தீனிக்கூடுகளின் வழியே பரவிச் சிறுபறவைகள் பல மடிந்தன; சில மாநிலங்களில் கூடுகளைக் கழற்றி வைக்குமாறே அறிவுறுத்தினர். இரு வாரங்களுக்கு ஒருமுறையேனும் கூட்டைக் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே மீண்டும் நிரப்புதல் வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையை உடனே அகற்றல் வேண்டும். பிள்ளைகளிடம் தொலைபேசியில் பேசும்போது, கூட்டில் என்ன இடுகிறீர்கள் என்பதோடு, அதனைக் கடைசியாக என்று கழுவினீர்கள் என்றும் கேளுங்கள்.